காமிரா காண்பதைக் கண்ணும் காணுதல்: சிறு பிலிம் சினிமாக் காமிராக்களின் பிரதிபலிப்புக் காட்சிநோக்கி

1967 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் டில்லித் தொலைக்காட்சி நிலையம் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் உழவர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. டில்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களில் பொதுவிடங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் உழவர்கள் கூடி அதனைக் கண்டனர். அந்நிலையம் 1959 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் சோதனை முறையில் பிறந்தது; 1961 முதல் டில்லிப் பள்ளிகளுக்கெனப் பாட நிகழ்ச்சிகளையும் அளித்து வந்தது. நிலையத்தின் அரங்கில் ஒரு வல்லுநரை அமர்த்திப் பேசச் செய்வது எளிது. ஆனால் கோதுமை இலையில் துருநோய் எவ்வாறு தோன்றுகிறது, விதை எவ்வளவு ஆழத்தில் விழவேண்டும் என்பன போன்றவற்றை வயலிலேயே படமெடுத்துத்தான் காட்ட வேண்டும். அரங்கில் நிறுத்தப்பட்டிருந்த மின்னணுக் காமிராக்கள் வரப்பின்மேல் தூக்கிச் செல்லத் தக்கவை அல்ல. அந்நாளில் வயலுக்குச் சென்றது 16 மில்லிமீட்டர் பிலிம் காமிராவே ஆகும்.

அக்காமிராவில் இடப்படும் 100 அடிச் சுருளில் அடிக்கு 40 வீதம் 4,000 படக்கட்டங்கள் உண்டு. வினாடிக்கு 24 கட்டம் வீதம் ஓட்டினால் முழுச் சுருளும் 2 நிமிடம் 47 வினாடியில் முடிந்துவிடும். பிலிம் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டிய பண்டமாக இருந்தது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் அமைக்கப்பட்டமைக்கு இந்நிலையும் ஒரு காரணம். எடுத்த படம் சரியாக அமைந்ததா என்பது சுருள் கழுவப்பட்டுத் திரும்பிய பின்னரே தெரியும். அதற்குள் கதிர் முற்றியிருக்கும். புழு கூட்டுப் புழுவாக மாறியிருக்கும். அடுத்த பருவம் வரை காத்திருப்பதன்றி வேறு வழி இராது. படமெடுப்பவர் கண்ட காட்சியும் பிலிமில் பதிந்த காட்சியும் ஒன்றேதானா என்னும் வினா இவ்வாறு ஒரு பருவத்து உழைப்பையே தாங்கி நிற்பதாயிற்று. அவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே ‘ரிப்ளெக்ஸ்’ எனப்படும் பிரதிபலிப்புக் காட்சிநோக்கிகள். பல பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் இத்தகைய காமிராக்கள் பீரோக்களுக்குள் இன்னும் உள்ளன. அவற்றின் அமைப்பை அறிவது, ஒளியியல் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கும், அக்காலத்துப் படச்சுருள்களைக் கையாள நேரும் ஊழியருக்கும் பயன்படும்.

பக்கத்திலிருந்து நோக்குவதன் பிழை

எளிய சினிமாக் காமிராவில் காட்சியைக் காண்பதற்கெனத் தனியே ஒரு சிறு குழல் லென்சுக்கு மேலோ பக்கத்திலோ பொருத்தப்பட்டிருக்கும். படமெடுப்பவர் இக்குழலின் வழியே நோக்குகிறார். பிலிமோ லென்சின் வழியே நோக்குகிறது. இரு கண்களும் சில சென்டிமீட்டர் விலகி நிற்பதால் இரண்டும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. இயற்பியல் நூல்கள் இதனை இடமாறு தோற்றப் பிழை என்று கூறும். பென்சிலைக் கையில் பிடித்து, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்க்கும் மாணவன் இதனை எளிதில் அறிவான்.

தொலைவிலுள்ள பொருள்களுக்கு இப்பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரு கணக்கு இதனை விளக்கும். 16 மி.மீ. காமிராவில் ஒரு படக்கட்டத்தின் அகலம் 10.26 மி.மீ., உயரம் 7.49 மி.மீ. ஆகும். வழக்கமான 25 மி.மீ. லென்சைக் கொண்டு 3 மீட்டர் தொலைவில் நிற்கும் உழவரைப் படமெடுத்தால், லென்சு காணும் பரப்பின் அகலம் ஏறத்தாழ 120 செ.மீ. காட்சிக்குழல் 4 செ.மீ. விலகியிருப்பின் பிழை முப்பதில் ஒரு பங்கேயாகும். எவரும் அதனைக் கவனிக்கமாட்டார்கள். இனி அதே காமிராவை ஒரு கோதுமைக் கதிருக்கு 50 செ.மீ. அருகில் கொண்டுவருக. லென்சு காணும் பரப்பு இப்போது ஏறத்தாழ 20 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமுமாகச் சுருங்கிவிடுகிறது. குழலின் விலகலோ மாறாமல் அதே 4 செ.மீ. குழல் லென்சுக்கு மேலே இருப்பதாகக் கொண்டு, 10 செ.மீ. நீளமுள்ள கதிரைக் குழலின் நடுவில் சரியாக அமைத்துப் படமெடுத்தால், கதிரின் உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பிலிமில் விழாது. படமெடுத்தவர் முழுக் கதிரையும் கண்டார். ஊரார் காண்பது உச்சி வெட்டுண்ட கதிரை. பழைய படங்களில் தலை துண்டிக்கப்பட்டு நிற்கும் மனிதர்களுக்கும் பெரும்பாலும் காரணம் கவனக்குறைவன்று, இந்த நான்கு சென்டிமீட்டரே.

குழலைச் சிறிது சாய்த்து இப்பிழையைத் திருத்தும் திருகுகள் பல காமிராக்களில் உண்டு. எனினும் அத்திருத்தம் ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு மட்டுமே பொருந்தும். கதிர் சரியான இடத்தில் அமைந்தாலும், அதன் பின்னணியிலுள்ள வரப்பும் மரமும் இடம் பெயர்ந்தே விழும். மேலும், படம் கூர்மையாக விழுகிறதா என்பதைப் பக்கக்குழல் ஒருபோதும் கூறாது. அளவுநாடாவால் தூரத்தை அளந்து லென்சின் வளையத்தைத் திருப்பி வைப்பதே வழி. அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் நாடாவை நீட்டலாம். இலையிலிருந்து இலைக்குத் தாவும் வெட்டுக்கிளியிடம் நீட்ட இயலாது.

ஆகவே லென்சின் வழியே நோக்க வேண்டும். 1933-இல் வெளிவந்த சினி-கோடாக் ஸ்பெஷல் என்னும் 16 மி.மீ. காமிராவில் இதற்கு ஒரு பட்டகம் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் காமிரா ஓடத் தொடங்குமுன் மட்டுமே அதன்வழி பார்க்க இயலும். ஓடும்போது பழையபடி பக்கத்திலிருந்தே நோக்க வேண்டும். நிற்கும் பொருளுக்கு இது போதுமானது. ஆனால் சினிமா என்பதே அசைவைப் பதிவு செய்யும் கலையாதலின், ஓடும்போது காண இயலாத காட்சிநோக்கி பாதி உதவியே.

இங்கேதான் அடிப்படையான இடர் தோன்றுகிறது. லென்சு திரட்டும் ஒளி ஒன்றே. அதனை வேண்டுவோர் இருவர். பிலிமுக்கு முழு ஒளியும் அளித்தால் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. இருவருக்கும் பங்கிட வேண்டுமெனில் இரு வழிகளே உள்ளன. ஒளியை இருவரும் முறைவைத்து மாறி மாறிப் பெறலாம். அன்றி, ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பெறலாம். முன்னது காலத்தைப் பங்கிடுதல். பின்னது ஒளியின் அளவைப் பங்கிடுதல். சிறு பிலிம் காமிராக்களில் தோன்றிய எல்லாப் பிரதிபலிப்பு அமைப்புகளும் இவ்விரண்டினுள் அடங்கும்.

காலத்தைப் பங்கிடுதல்: கண்ணாடி ஷட்டர்

சினிமாக் காமிராவில் பிலிம் இடைவிடாது ஓடுவதில்லை. ஒரு கட்டம் அசையாது நின்று ஒளி பெறுகிறது. பின்னர் ஒளி மறைக்கப்பட, நகம் போன்ற உறுப்பு பிலிமின் துளையைப் பற்றி அடுத்த கட்டத்தைக் கீழே இழுக்கிறது. ஒளியை மறைப்பது சுழலும் தகடாகிய ஷட்டர். அரைவட்டத் தகடாயின் அதன் திறப்பு 180 பாகை. வினாடிக்கு 24 கட்டம் ஓடும்போது பிலிம் 1/48 வினாடி ஒளி பெறும். அடுத்த 1/48 வினாடி ஒளி வீணே தகட்டின்மேல் விழும். பாதி ஒளி இவ்வாறு எக்காமிராவிலும் வீணாகத்தான் செய்கிறது.

இந்த வீண் ஒளியைக் கண்ணுக்கு அனுப்பினால் என்ன? ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆர்னால்டு-ரிக்டர் நிறுவனம் இதனைச் செய்து காட்டியது. அங்குப் பணியாற்றிய எரிக் கெஸ்ட்னர் என்னும் பொறியாளர் (சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற அதே பெயருடையவர் வேறொருவர்) ஷட்டர் தகட்டையே கண்ணாடியாக்கி, லென்சின் அச்சுக்கு 45 பாகை சாய்த்துச் சுழலவிட்டார். தகடு மறைக்கும் நேரத்தில் ஒளி பக்கவாட்டில் திரும்பி ஒரு மங்கல் கண்ணாடியின்மீது படமாக விழுகிறது. அப்படத்தைக் கண்வில்லை பெரிதாக்கிக் காட்டுகிறது. 35 மி.மீ. பிலிமுக்கான ஆரிப்ளெக்ஸ் காமிரா 1937-இல் லைப்சிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே அமைப்பு 1952-இல் 16 மி.மீ. காமிராவாகவும் வந்தது.

இம்முறையின் சிறப்பு, பிலிமுக்குரிய ஒளியில் அணுவளவும் குறையாமை. லென்சுக்கும் பிலிமுக்கும் இடையே நிலையான கண்ணாடி எதுவும் இல்லையாதலின் படத்தின் கூர்மையும் கெடுவதில்லை. மங்கல் கண்ணாடி வரையுள்ள ஒளிப்பாதையும் பிலிம் வரையுள்ள ஒளிப்பாதையும் இம்மியும் பிசகாமல் சமமாக அமைந்திருந்தால், கண் கூர்மையாகக் கண்டது பிலிமிலும் கூர்மையாகவே பதியும்.

ஆனால் இதிலுள்ள ஒரு நுட்பத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. படமெடுப்பவர் காட்சியைக் காணும் கணங்கள், பிலிம் அதனைக் காணாத கணங்கள். பிலிம் காணும் கணங்களில் அவர் கண்முன் இருள். வினாடிக்கு 24 முறை இருவரும் மாறி மாறி விழித்துக் கொள்கின்றனர் எனலாம். மெதுவாக அசையும் பொருளுக்கு இதனால் தீங்கில்லை. மின்னல் போன்ற நிகழ்ச்சிக்கு உண்டு. பாலம் விமான நிலையத்தில் ஒரு பிரமுகர் வந்திறங்கும்போது பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பிளாஷ் விளக்குகள் சுற்றிலும் வெட்டுவதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியே ஒளிரும் மின்னணுப் பிளாஷ் ஒன்று காட்சிநோக்கியில் பளிச்சிட்டுத் தெரிந்தால், அது பிலிமில் பதியவில்லை என்பது உறுதி. நோக்கியில் தெரியாத வெட்டே பிலிமில் ஒரு கட்டத்தை வெளிறச் செய்திருக்கும்.

வேறு குறைகளும் உள. காட்சி சிறிது துடித்துக் கொண்டே தெரியும். நெடுநேரம் நோக்கினால் கண் களைக்கும். காமிரா நிற்கும்போது கண்ணாடித் தகடு விலகிய நிலையில் நின்றுவிட்டால் நோக்கி முற்றிலும் இருண்டுவிடும். ஆரிப்ளெக்ஸ் போன்ற காமிராக்களில் ஒரு குமிழைக் கையால் சிறிது திருகித் தகட்டை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதனை அறியாத புதியவர் காமிரா பழுதாகிவிட்டதென்று திருப்பியனுப்பக் கூடும்.

இடவசதியும் ஓர் இடரே. 45 பாகை சாய்ந்த கண்ணாடி சுழல்வதற்கு லென்சின் பின்னே இடம் வேண்டும். சாதாரண 16 மி.மீ. காமிராக்களுக்குரிய ‘சி’ வகைப் பொருத்தியில் லென்சின் விளிம்புக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 17.52 மி.மீ. மட்டுமே. ஆரிப்ளெக்சிலோ அது 52 மி.மீ. ஆகவே ‘சி’ வகை லென்சுகளை அதில் பயன்படுத்த இயலாது. குறுகிய குவியத் தூரமுள்ள அகலக்கோண லென்சுகளைத் தனி முறையில் வடிக்க வேண்டியதாயிற்று. பிரான்சு நாட்டின் போலியூ காமிராக்கள் இதற்கு வேறு வழி கண்டன. அவற்றில் கண்ணாடி சுழல்வதில்லை; சிறிய கண்ணாடித் துண்டு ஒன்று மேலும் கீழும் தாவுகிறது. சிறிது இடமே போதுமாகையால் ‘சி’ வகை லென்சுகளையே இட முடிந்தது. சோவியத் நாட்டில் எழுபதுகளில் செய்யப்பட்ட கிராஸ்னகோர்ஸ்க்-3 என்னும் வில்விசைக் காமிரா, கண்ணாடி ஷட்டர் முறையை எளிய விலையில் மாணவர்களுக்கும் எட்டச் செய்தது.

ஒளியைப் பங்கிடுதல்: பட்டகம்

சுவிட்சர்லாந்தில் செயின்ட்-குருவா என்னும் மலையூரில் இசைப்பெட்டியும் கிராமபோனும் செய்துவந்த பையார் நிறுவனம், போலெக்ஸ் எச்-16 என்னும் காமிராவை 1935-இல் வெளியிட்டது. (அலுவலகங்களில் பலர் பழகிய ஹெர்மெஸ் தட்டச்சுப் பொறியும் அந்நிறுவனத்தின் தயாரிப்பே.) மின்கலம் வேண்டாத வில்விசைக் காமிராவாதலின், ஒருமுறை சாவி கொடுத்தால் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும். 1956-இல் இதற்குப் பிரதிபலிப்புக் காட்சிநோக்கி சேர்க்கப்பட்டது. ஷட்டரை மாற்றாமல், லென்சுக்கும் ஷட்டருக்கும் இடையே ஒரு பட்டகத்தை நிலையாக வைத்தனர். அதனுள் சாய்வாக அமைந்த பூச்சு, ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மேலே திருப்பி மங்கல் கண்ணாடிக்கு அனுப்புகிறது. எஞ்சியது நேரே சென்று பிலிமை அடைகிறது.

இங்கு அசையும் உறுப்பு ஏதுமில்லை. காட்சி துடிப்பதில்லை, காமிரா நின்றாலும் ஓடினாலும் ஒரேபடியாகத் தெரியும். பிலிம் காணும் அதே கணத்தைக் கண்ணும் காண்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை ஒளி.

அவ்விலை எவ்வளவு? இக்காமிராவின் ஷட்டர் திறப்பு சுமார் 130 பாகை. வினாடிக்கு 24 கட்டம் ஓடுகையில் ஒளிபெறும் காலம் ஏறத்தாழ 1/65 வினாடி. ஆனால் பட்டகம் கொள்ளும் பங்கை ஈடுசெய்வதற்காக, ஒளிமானியில் 1/80 வினாடி என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். துவார அளவில் சொன்னால் இது மூன்றில் ஒரு படி. ஜூன் மாதத்து டில்லி வெயிலில், 25 ஏ.எஸ்.ஏ. வேகமுள்ள வண்ணப் பிலிமுக்குக்கூட எஃப் 8-க்கும் 11-க்கும் இடையே துவாரத்தைச் சுருக்க வேண்டியிருக்கும். அங்கு இந்த இழப்பு ஒரு பொருட்டன்று. வகுப்பறைக்குள் சன்னல் வெளிச்சத்தில் மாணவர் செய்யும் சோதனையை, துவாரத்தை முழுவதும் திறந்தும் போதாமல் எடுக்க நேரும்போது, அந்த மூன்றில் ஒரு படியே படத்துக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள வேற்றுமையாகலாம். பக்கக்குழல் காமிராவில் பழகியவர் இத்திருத்தத்தை மறந்தால் சுருள் முழுவதும் சிறிது கறுத்தே வரும்.

பட்டகத்தின் மற்றொரு விளைவு பள்ளி இயற்பியலில் நேரே காணக்கூடியது. நீர் நிறைந்த குவளையின் அடியிலுள்ள நாணயம் மேலே எழும்பியதுபோல் தோன்றுவதை எல்லா மாணவரும் அறிவர். எழுத்தின்மேல் கண்ணாடிப் பாளத்தை வைத்தால், பாளத்தின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எழுத்து உயர்ந்து தெரியும். பருமன் ப, ஒளிவிலகல் எண் வி எனில், இடப்பெயர்ச்சி ப × (1 – 1/வி) ஆகும். போலெக்சின் பட்டகப் பருமன் ஏறத்தாழ 9.5 மி.மீ.; கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை 1.52 எனக் கொண்டால் இடப்பெயர்ச்சி 3.25 மி.மீ. அஃதாவது லென்சு உருவாக்கும் படம் அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே லென்சு தாங்கும் முகப்பையும் அதே அளவு முன்னுக்குத் தள்ளினர், 17.52 மி.மீ.-ஆக இருந்த தூரம் 20.76 ஆயிற்று. ஒன்பதாம் வகுப்புச் சோதனையில் அளக்கும் அதே இடப்பெயர்ச்சி, ஒரு காமிராவின் உலோக உடலில் கடைந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் பாடத்தில் இதனை எடுத்துக்காட்டினால், வாய்பாடு எதற்கென்று கேட்கும் மாணவனுக்குத் தக்க விடை கிட்டும்.

தூரத்தைத் திருத்திவிட்டால் மட்டும் போதாது. பாளத்தினூடே சாய்ந்து செல்லும் கதிர்களும் நேராகச் செல்லும் கதிர்களும் ஒரே அளவு இடம்பெயர்வதில்லை. துவாரம் அகலமாக இருக்கும்போது ஓரக்கதிர்கள் மிகச் சாய்ந்து நுழைவதால் அவை வேறிடத்தில் குவிகின்றன. கோளப் பிறழ்ச்சி என்னும் இக்குறை, படத்தை மென்மையான மூட்டம் போர்த்தியதுபோல் ஆக்கும். இதனை முன்னரே எண்ணி வடித்த லென்சுகளுக்கு ‘ஆர்.எக்ஸ்.’ என்னும் குறி இடப்பட்டது. 50 மி.மீ.-க்குக் குறைந்த குவியத் தூரமுள்ள லென்சுகள் இக்குறி உடையனவாக இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. குறியில்லாத லென்சையே இடவேண்டி நேர்ந்தால் துவாரத்தை நன்கு சுருக்குவது பிழையைக் குறைக்கும். மாறாக, ஆர்.எக்ஸ். லென்சைப் பட்டகமில்லாத காமிராவில் இடுவதும் தவறே. லென்சில் செய்துவைத்த திருத்தமே அங்குப் பிழையாகிவிடும்.

நோக்கியில் விழும் ஒளி ஐந்தில் ஒரு பங்கே. துவாரத்தையும் சுருக்கிவிட்டால் காட்சி மிக மங்கலாகிவிடும். ஆகவே துவாரத்தை முழுவதும் திறந்து கூர்மையைச் சரிபார்த்துவிட்டு, பின்னர் உரிய அளவுக்குச் சுருக்குவது வழக்கம். இவ்வாறு சுருக்க மறந்துபோன சுருள்கள் எண்ணிறந்தவை. எஃப் 11-இல் எடுக்க வேண்டியதை எஃப் 1.9-இல் எடுத்தால் பிலிம் ஏறத்தாழ முப்பது மடங்கு மிகையான ஒளியைப் பெறும். திறந்தவர் தம் விரலை வளையத்திலிருந்து எடுக்காமலேயே சுருக்கிவிடுவது நல்ல பழக்கம்.

பட்டகக் காமிராவுக்கே உரிய வேறோர் அபாயமும் உண்டு. கண்வில்லையின் வழியே கண்ணுக்கு ஒளி வருவதுபோலவே, கண் விலகியிருந்தால் வெளியொளி அதே வழியாக உள்ளே நுழையும். காமிராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, முளைக்கும் விதையை மணிக்கணக்கில் கட்டம் கட்டமாக எடுப்பவர், கண்வில்லையை மூடும் சிறு நெம்பை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிடில் பின்னாலிருந்து வரும் வெயில் ஒவ்வொரு கட்டத்தையும் வெளிறச் செய்யும்.

லென்சுக்குள்ளேயே பிரித்தல்

குவியத் தூரத்தை மாற்றக்கூடிய ‘ஜூம்’ லென்சுகள் பெருகியபோது மூன்றாவது அமைப்பு ஒன்று பரவியது. இதுவும் ஒளியின் அளவைப் பங்கிடும் முறையே. பிரிக்கும் இடம் மட்டும் வேறு. ஜூம் லென்சின் முன்பகுதி வில்லைகள் ஒளியை இணைகற்றையாக வெளியிடுமாறும், பின்பகுதி அக்கற்றையைப் பிலிமில் குவிக்குமாறும் அமைக்கப்படுவதுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, துவாரத்துக்கு முன்னால், பிரிக்கும் பட்டகத்தை வைத்தனர். இணைகற்றை தட்டையான கண்ணாடியினூடே சென்றால் குவியம் இடம்பெயர்வதில்லை. கோளப் பிறழ்ச்சியும் தோன்றுவதில்லை. போலெக்சின் இரு தொல்லைகளும் இதனால் ஒருங்கே நீங்கின. துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் நோக்கியின் வெளிச்சம் குறையாது. பிரான்சின் சோம்-பெர்த்தியோ நிறுவனத்தார் ‘பான்-சினார்’ லென்சுகளில் காட்சிநோக்கியையும் லென்சோடு சேர்த்தே அளித்தமையால், பிரதிபலிப்பு அமைப்பு இல்லாத பழைய காமிராக்களும் அவ்வசதியைப் பெற்றன. 1965-இல் சூப்பர் 8 பிலிம் வந்த பின்னர், குடும்பங்களுக்கென விற்கப்பட்ட காமிராக்களில் பெரும்பான்மை இம்முறையையே கைக்கொண்டன.

இதிலும் ஒரு மறைவு உண்டு. நோக்கிக்குச் செல்லும் ஒளி துவாரத்தைக் கடப்பதில்லையாதலின், துவாரத்தைச் சுருக்கும்போது முன்னும் பின்னும் கூர்மை பரவுவதை அதில் காண இயலாது. லென்சின் பின்பகுதி சற்றே இடம்பெயர்ந்து பிலிமில் படம் மங்கினாலும் நோக்கி அதனைக் காட்டாது. ஏனெனில் நோக்கிக்குத் தனியே வேறு பின்பகுதி உள்ளது. கண்ணுக்கு மிக வசதியான இவ்வமைப்பு, பிலிமைப் பற்றி மிகக் குறைவாகச் செய்தி சொல்வது.

1932-இல் வந்த 8 மி.மீ. பிலிமில் படக்கட்டம் 4.8 × 3.5 மி.மீ.; சூப்பர் 8-இல் 5.8 × 4 மி.மீ. அரிசிமணியின் நீளமே கொண்ட இத்துணைச் சிறிய படத்தை மங்கல் கண்ணாடியில் வீழ்த்திப் பெரிதாக்கினால், கண்ணாடியின் சொரசொரப்பே மணல்போல் பெருகித் தெரியும். ஆகவே பல சிறு காமிராக்களில் மங்கல் கண்ணாடியை நீக்கி, வெளியில் மிதக்கும் படத்தையே கண்வில்லையால் நோக்கச் செய்தனர். காட்சி பளிச்சென்று தெரியும். ஆனால் மனிதக் கண் தானாகவே தூரத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்து கொள்ளும் இயல்புடையது. படம் உரிய தளத்துக்கு முன்போ பின்போ விழுந்தாலும் கண் அதனைக் கூர்மையாகவே கண்டுவிடும். பிலிமுக்கு அத்திறன் இல்லை. இத்தகைய காமிராவைக் கையாளுவோர் முதலில் லென்சைத் தொடாது, கண்வில்லையைத் தம் பார்வைக்கேற்பத் திருப்பி, நோக்கியிலுள்ள கோடு அல்லது வட்டக்குறி தெளிவாகத் தெரியுமாறு நிறுத்த வேண்டும். அதன் பின்னரே லென்சின் வளையத்தைத் தொட வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அணியாத ஒருவரிடம் காமிராவைக் கொடுத்து வாங்கினால் இச்செயலை மறுபடியும் செய்யவேண்டும். பல கைகள் மாறும் பள்ளிக் காமிராவில் மங்கல் படங்கள் மிகுவதற்கு இதுவே முதற்காரணம்.

பீரோவிலுள்ள காமிராவைச் சோதித்தல்

எண்பதுகளில் வீடியோ பரவியதும் 16 மி.மீ. காமிராவின் அன்றாடப் பணி தொலைக்காட்சியில் ஓய்ந்தது. 1982-இல் தொடங்கிய ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் மாணவர்கள் அதனைக் கற்றனர்; பின்னர் அங்கும் மின்னணுக் கருவிகள் இடம்பிடித்தன. மின்னணுக் காமிராவில், இன்றைய கைபேசியிலும்கூட, படம் பதியும் தளத்தில் விழுந்ததையே திரை காட்டுகிறது. ஒளியைக் கண்ணுக்கெனத் தனியே பங்கிட வேண்டியதில்லை. இக்கட்டுரை கூறும் இடரே அங்கு எழுவதில்லை.

பழைய காமிரா ஒன்று கைக்குக் கிடைத்தால், பிலிம் வாங்குமுன் அதன் நோக்கி மெய் கூறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் எவ்வகை அமைப்பு என்று அறிக. லென்சைக் கழற்றி முன்புறமாக நோக்கினால், கண்ணாடி ஷட்டராயின் கதவை மெதுவாக ஓட்டும்போது பளபளக்கும் தகடு வந்துபோவது தெரியும். பட்டகமாயின் அசையாத கண்ணாடிக் கட்டி ஒன்று துவாரத்தை அடைத்து நிற்கும். இரண்டும் இல்லாமல், லென்சின் பக்கத்திலேயே கண்குழல் கிளம்பினால் மூன்றாம் வகை. கண்ணாடித் தகட்டை விரலாலோ துணியாலோ துடைக்கலாகாது. அதன் பூச்சு மேற்பரப்பிலேயே உள்ளது. ரப்பர்ப் பந்தால் காற்றை ஊதித் தூசியை நீக்கினாற் போதும். பட்டகத்தில் மழைக்காலத்து ஈரத்தால் பூஞ்சணம் படர்ந்திருக்கக்கூடும். சிலந்திவலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது தொழிலறிந்தவர் கைக்குச் செல்லவேண்டியது. டில்லியின் வறண்ட கோடையைக் காட்டிலும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது மிகுதியாகக் காணப்படும்.

அடுத்து, வரைபடக்காரர் பயன்படுத்தும் டிரேசிங் தாளைப் பிலிமின் அகலத்துக்குக் கத்தரித்து, பிலிம் நிற்கும் வாயிலில் பிலிமுக்குப் பதிலாகத் தட்டையாக அமைக்க. பின்புறத்து அழுத்துத் தகட்டை நீக்கி, ஷட்டர் திறந்த நிலையில் காமிராவைத் தாங்கியில் நிறுத்துக. சுவரில் ஒட்டிய அச்சுத்தாளை ஒரு மீட்டர் தொலைவில் வைத்துத் துவாரத்தை முழுவதும் திறந்து, முதலில் நோக்கியின் வழியே கூர்மையாக்குக. பின்னர் அதே நிலையில் தாளின்மீது விழும் படத்தைக் கைவில்லையால் நோக்குக. எழுத்துகள் அங்கும் கூர்மையாக இருந்தால் நோக்கியை நம்பலாம். அங்கு மங்கியிருந்தால், தாளில் கூர்மை வரும்வரை லென்சின் வளையத்தைத் திருப்பி, எவ்வளவு திருப்ப நேர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்க. எல்லாத் தொலைவுகளிலும் ஒரே திசையில் வேறுபட்டால் மங்கல் கண்ணாடியோ பட்டகமோ இடம் பெயர்ந்துள்ளது. தாளில் படத்தின் நான்கு ஓரங்களையும் பென்சிலால் குறித்து, நோக்கியின் ஓரங்களோடு ஒப்பிடுவதும் நன்று. பிரதிபலிப்பு அமைப்பில் இரண்டின் நடுப்புள்ளியும் ஒன்றாகவே இருக்கவேண்டும். நோக்கியின் எல்லை சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது பிழையன்று.

காமிரா இல்லாத பள்ளியிலும் ஒளிப் பங்கீட்டைக் காட்டலாம். சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமீது 45 பாகை சாய்த்து நிறுத்தி, எதிரே மெழுகுவத்தியை ஏற்றுக. நேரே நோக்கும் மாணவன் கண்ணாடியின் ஊடே சுடரைக் காண்பான். பக்கத்தில் நிற்பவன் அதன் மங்கலான பிரதிபிம்பத்தைக் காண்பான். பூச்சில்லாத கண்ணாடி இந்நிலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளியைத் திருப்பும். கூர்ந்து நோக்கினால் பக்கத்து மாணவனுக்குச் சுடர் இரண்டாகத் தெரியும். கண்ணாடியின் முன்முகமும் பின்முகமும் தனித்தனியே பிரதிபலிப்பதே காரணம். காமிரா செய்தோர் தனிக் கண்ணாடித் தகட்டை விடுத்து, பூச்சை இரு பட்டகங்களுக்கிடையே வைத்து ஒட்டியது ஏன் என்பதை மாணவர்களே இதிலிருந்து கூறிவிடுவார்கள்.